துணி மட்டும் விழுந்த படம்

புகைப்படத்தின் சரித்திரம் என்று நம்மிடம் இருப்பதெல்லாம் காமிராவின் சரித்திரம்தான். 1839ல் டாகேர், 1851ல் ஆர்ச்சரின் கொலோடியன் தகடு, 1854ல் பாரிஸில் திஸ்தேரி விசிட்டிங் கார்டு அளவுப் படங்களுக்கு வாங்கிக்கொண்ட காப்புரிமை, 1856ல் சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் முன்நின்று தொடங்கிய போட்டோகிராபிக் சொஸைட்டி என்று வருஷங்களை அடுக்கிக்கொண்டு போகலாம். எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் அன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து எதை எடுத்து உடுத்தினார்கள், எதை வேண்டாமென்று திரும்ப மடித்து வைத்தார்கள், அதை வீட்டில் யார் தீர்மானித்தார்கள் என்பது மட்டும் எழுதப்படவில்லை. அற்ப சமாசாரம் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கவேண்டும். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு குடும்பம் தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்கிற சந்தர்ப்பம் வேறு எத்தனை இருக்கிறது? கல்யாணத்தில்கூட வந்தவர்கள் இஷ்டத்துக்குப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதை எழுதத் தூண்டியது ஒரு டெலிபோன். என் கடைசித் தம்பிக்கு அறுபது நிறைந்ததை ஒட்டி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு. தம்பியின் பெண் பேசினாள். "பெரியப்பா, எல்லாரும் சந்தன கலர், இல்லாட்டி வெள்ளை. ஒரே மாதிரி இருக்க வேணாம், ஆனா ஒண்ணோட ஒண்ணு சேரணும். சிவப்பு வேணாம், கறுப்பு வேணாம், கட்டம் போட்டது வேணவே வேணாம்." போட்டோகிராபர் சொன்னதாம். எனக்கு இது புதிய பேச்சாகப் படவில்லை. அறுபது வருஷங்களுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேட்ட அதே பேச்சு, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. அன்று வேண்டாமென்றது வெள்ளையை.

இந்த 'வேண்டாம்'களுக்குப் பின்னால் ஒரு ரசாயனம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகளுக்கு நீலம் மட்டும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு. 1873ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் என்ற ரசாயனப் பேராசிரியர் தகட்டில் சாயம் ஏற்றிப் பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு பார்க்க வைத்தார். சிவப்பு அப்போதும் விழவில்லை. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் தகடு 1906ல் கடைக்கு வந்துவிட்டதென்றாலும், சிறிய ஊர்களின் ஸ்டுடியோக்கள் பழைய சரக்கையே வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தன. விலை குறைவு என்பதோடு, சிவப்பு விளக்கு எரியவிட்டுக் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம் என்ற சௌகரியமும் உண்டு. சிவப்பைக் காணாத தகடு என்பதால்தான் சிவப்பு விளக்கு.

இதன் விளைவு என்ன? அரக்குப் புடவை கறுப்பாயிற்று. நெற்றிக் குங்குமம் கரும்புள்ளியாயிற்று. மஞ்சள் பூசிய முகம், நேரில் ஒளியாக இருந்தது, படத்தில் இருண்டு போயிற்று (ஸ்டுடியோ கண்ணாடிக்குக் கீழே குட்டிக்கூரா பவுடர் டப்பாவும் சீப்பும் நிரந்தரமாக இருந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல). ஆகாய நீலம் வெள்ளையாகக் கரைந்தது. ஆக, நிறங்களைச் சேர்த்து உடுத்துவது என்றால் கண்ணுக்குச் சேர்வது அல்ல, தகட்டுக்குச் சேர்வது. வீட்டில் மாமியாரும் மருமகளும் மணிக்கணக்கில் யோசித்துப் பொருத்திய பச்சையும் அரக்கும் படத்தில் ஒரே கறுப்பாய் வந்து நிற்கும். இன்று நாம் பாட்டன் காலத்துப் படங்களைப் பார்த்து அவர்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளையில் ஏதோ துக்கம் காத்தவர்கள்போல் நினைத்துக்கொள்கிறோம்.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எடுத்துக்கொண்டதாக நமக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். செல்லம்மாவோடு ஒன்று உண்டு. ரா. அ. பத்மநாபனின் சித்திர பாரதி 1957ல் வந்திராவிட்டால் இவற்றை இந்த அளவுக்கேனும் ஒருசேரப் பார்த்திருப்போமா என்பது சந்தேகம். அந்தப் படங்களில் கோட்டு கறுத்திருக்கிறது என்பதால் காலண்டர் ஓவியர்களும் சிலை செய்கிறவர்களும் அதைக் கறுப்புக் கோட்டு என்றே நிச்சயப்படுத்திவிட்டார்கள். கறுப்பாகவே இருந்திருக்கலாம். பழுப்பாக, அரக்காக இருந்திருந்தாலும் தகடு இதையேதான் சொல்லியிருக்கும். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் டிசம்பர் 14 வரை இருந்த மனிதன் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு மகாகவியின் சட்டை நிறத்தை ரசாயனம் தீர்மானித்துக் கொடுத்து, அதை ஒரு சமூகமே ஐதீகமாக்கிக்கொண்டிருக்கிறது. நம் விமர்சகர்களின் பல தீர்ப்புகளும் இப்படிப்பட்டவைதாம் என்று சொல்ல ஆசை. அது வேறு கட்டுரை.

தகட்டின் கதை இது. துணியின் கதை கடலூருக்கு இன்னும் பழையது. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலமும் சேர்த்துக் கிடைத்தது. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றி அவர்கள் அங்கே பிரதானமாகச் செய்தது துணி வியாபாரம். சுற்றுப்புறத்து நெசவாளர்கள் கொண்டுவந்த துணியை, மாதிரித் துண்டோடு வைத்து ஒத்துப் பார்த்து, அகலமும் இழையும் ஒன்றுபோல் இருப்பதைத் தரம் பிரித்துக் கப்பலேற்றினார்கள். ஒரு பீஸைப்போல் மறு பீஸ் இருக்கவேண்டும் என்கிற பிடிவாதம் இந்தக் கரைக்கு அப்போதே வந்துவிட்டது. லாங்கிளாத் என்று டைலர்கள் இன்றும் சொல்கிற சொல் அந்தக் கணக்குப் புத்தகங்களிலிருந்து இறங்கி வந்ததுதான். பிறகு மான்செஸ்டரிலிருந்து மில் துணி எதிர்த்திசையில் வந்து நெசவாளரை என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மில் துணி வந்த பிறகுதான் எங்களைப்போன்ற குமாஸ்தா வீடுகளில் ஒரே பீஸ் பழக்கம் ஏற்பட்டிருக்கவேண்டும். தீபாவளிக்கு அப்பா ஒரு பீஸை முழுசாக வாங்குவார். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குப் பாவாடைக்கு மேல் சட்டை, மீதியில் தலையணை உறை. இதில் கலை உணர்வு எதுவும் கிடையாது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும், டைலர் வெட்டும்போது துணி வீணாகாது, எனக்கு ஏன் அது இல்லை என்று பிள்ளைகள் அழமாட்டார்கள். தேர்க்கூட்டத்தில் ஒன்று தொலைந்தால் மற்றொன்றைக் காட்டி, "இதே சட்டைங்க" என்று தேடலாம். (ஒருமுறை அப்படித்தான் நான் கிடைத்தேன்.) சிக்கனத்தில் பிறந்த இந்தப் பழக்கத்தைப் போட்டோ ஒற்றுமையாக மாற்றிக் காட்டியது. படத்தைப் பார்க்கிறவனுக்கு ஒரே துணியில் வரிசையாக நிற்கும் எட்டுக் குழந்தைகள் தெரிவார்கள். அதன் கடன் பாக்கி தெரியாது.

இங்கே வாடகைக் கோட்டைப்பற்றியும் சொல்லவேண்டும். அக்காலத்து ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். கூடவே ஒரு டை, சில இடங்களில் கைக்கடிகாரம், மேஜைமேல் வைக்க ஒரு புத்தகம். வருகிறவன் அதற்குள் நுழைந்து ஐந்து நிமிஷம் வேறொருவனாக இருந்துவிட்டுப் போவான். நம்மவர்கள் இதைப் போலித்தனம் என்று கேலி செய்து சிறுகதைகள் எழுதியிருக்கிறார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் ஆதி திராவிடர்கள்மேல் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் கொடுத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. இந்த நாட்டில் ஒருவன் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டால் அதைப் போலி என்று எப்படிச் சொல்வது? தெருவில் மறுக்கப்பட்டதைத் தகட்டில் எடுத்துக்கொண்டான். 1868 முதல் 1875 வரை எட்டுப் பாகங்களாக இந்திய ஜனங்கள் என்று வெள்ளைக்காரர்கள் வெளியிட்ட படத்தொகுதியில் உடை என்பது ஜாதிக்கு ஒட்டிய சீட்டு. வாடகைக் கோட்டு அந்தச் சீட்டைக் கிழித்தது. எனக்கு அந்தக் கோட்டின்மேல் மரியாதை உண்டு, அது யார் யார் வியர்வையையோ ஏந்தி நாற்றமடித்திருந்தபோதிலும்.

இதுவரை சொன்னதில் உடை மனிதனை ஏதோ ஒருவிதத்தில் காட்டிக்கொண்டிருந்தது. உடை விழுந்து மனிதன் விழாமலே போன ஒரு படமும் எங்கள் ஜில்லாவில் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ல் பிறந்த ராமலிங்க வள்ளலாரைப் படம் பிடிக்க, சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற புகைப்படக்காரரை வரவழைத்தார்கள் என்றும், அவர் எட்டு முறை முயன்றும் தகட்டில் வெள்ளைத் துணி மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்றும் அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வடலூர்ப் பக்கம் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. மண்ணில் உருவம் செய்து கொண்டுவந்து காட்டியபோது அவர் அதைக் கீழே போட்டு உடைத்ததாகவும் சொல்வார்கள். இன்று வீடுகளில் மாட்டியிருக்கும் முக்காடிட்ட வெள்ளை உருவம் ஓவியர்களின் கற்பனை.

இதை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. கொலோடியன் தகட்டின் தொழிலைத் தெரிந்தவன் இன்னொன்றையும் கவனிப்பான். தென்னாட்டு வெயிலில் தலைமுதல் கால்வரை வெள்ளையால் மூடிய ஒருவரை அந்தத் தகட்டின் முன் நிறுத்தினால் வெள்ளை வெந்துவிடும். நம்முடைய மாநிறம் இருட்டுக்குள் போய்விடும். முகத்துக்கு அளவு பார்த்தால் துணி கொதிக்கும், துணிக்கு அளவு பார்த்தால் முகம் போகும். 'வெள்ளை அடிக்கும்' என்று போட்டோக்காரர்கள் சொல்வது இதைத்தான். பக்தனின் வாக்கும் இருட்டறைக்காரனின் வாக்கும் இந்த ஓரிடத்தில் ஒன்றாய்ப் போகின்றன. நான் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட விரும்பவில்லை. என் மனசில் நிற்பது வேறொன்று. அந்தப் பெரியவர் தம்முடைய சன்மார்க்கிகளுக்குச் சொல்லிய ஒழுங்குகளில், புருஷன் இறந்தால் பெண்ணின் தாலியை வாங்கவேண்டாம் என்பதும் ஒன்று. வெள்ளையைத் தாமே விரும்பி உடுத்தியவர், வெள்ளை உடுத்தச் சொல்லி ஒருத்தியை உட்கார வைக்கும் சடங்கை வேண்டாமென்றார். ஜில்லா அவர் உருவத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டது. இந்த வார்த்தையை எங்கே மாட்டியது என்று தெரியவில்லை.

எங்கள் ஆயாவும் வெள்ளைதான் உடுத்தினாள். அப்பாவைப் பெற்றவள். முப்பது வயசுக்குள் தாத்தா போய்விட்டார்.

1963 மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்கு எட்டு வயசு. கடைசித் தம்பிக்குப் பத்து மாசம். அந்தத் தீபாவளிக்கு அப்பா எடுத்தது ஆகாய நீலத்தில் ஒரு பாப்ளின் பீஸ். அத்தை பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்தே எடுத்திருந்தார். தரிசனம் ஆன மறுநாள் இரண்டு குடும்பமும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அம்மா அரக்குப் பட்டு. அத்தையும் யோசித்து அதோடு சேரும்படி கரும்பச்சை. எட்டுப் பிள்ளைகளும் நீலம். அப்பாவும் மாமாவும் கஞ்சி போட்ட வேட்டி, சட்டை. ஆயா புதிதாக வெளுத்த புடவை ஒன்றைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வரும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

தேரடிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ஸ்டுடியோ. மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை. போட்டோக்காரர் எங்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். நாற்காலியில் அப்பாவும் மாமாவும், பின்னால் அம்மாவும் அத்தையும், தரையில் ஜமக்காளத்தில் நாங்கள். நடு நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. ஆயா அதன் பக்கம் வந்தாள்.

"ஐயா, அம்மாவுக்கு வேற புடவை இல்லீங்களா? வெள்ளை அடிக்குங்க" என்றார் போட்டோக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஆயாவே, "நான் எதுக்குடா இதுல, நீங்க எடுங்க" என்று நகர்ந்துவிட்டாள். நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

அப்பா கட்டியிருந்ததும் வெள்ளை வேட்டிதான். மாமா சட்டையும் வெள்ளை. இதை நான் அன்று யோசிக்கவில்லை. யோசிக்க நாற்பது வயசாயிற்று. தகடு பாவம், அதற்கு விதவையின் வெள்ளை வேறு, குமாஸ்தாவின் வெள்ளை வேறு என்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் போட்டோக்காரர் அதையறிந்து ஒரு வழி காட்டினார், நாங்கள் அந்த வழியில் போய்விட்டோம். கேட்டிருந்தால் எல்லோருமே விளக்கு வெளிச்சத்தின்மேல் பழியைப் போட்டிருப்போம். ஒரு ஆசாரத்துக்கு இப்படி ரசாயனத்தின் முகமூடி கிடைத்தது என் வீட்டில் மட்டும் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஐம்பது அறுபதுகளின் தமிழ்க் குடும்பப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டிகளை எண்ணுங்கள்.

ஆனால் தம்பி அழ ஆரம்பித்தான். அம்மா இடுப்பில் நிற்கவில்லை, அத்தையிடமும் போகவில்லை. அவனுக்கு ஆயாதான் வேண்டும். வேறு வழியில்லாமல் ஜமக்காளத்தின் ஓரத்தில் அவனை உட்காரவைத்து, திரைக்குப் பக்கத்தில் ஆயா குந்திக்கொண்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள். வெளிநாட்டில் விக்டோரியா காலத்துப் படங்களில் இது சகஜமாக நடந்திருக்கிறது. நெடுநேரம் அசையாமல் இருக்கவேண்டிய குழந்தையைத் தாய் பிடித்துக்கொள்வாள், அவள்மேல் நாற்காலித் துணிபோல் ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிடுவார்கள். மறைந்த தாய் என்று இப்போது அவற்றுக்குப் பெயர் வைத்துச் சேகரிக்கிறார்கள். எங்கள் ஆயாவை மூட விரிப்பு தேவைப்படவில்லை. காமிராவுக்கு வெளியே இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

படம் வந்தது. அம்மா, அத்தை இருவர் புடவையும் கறுப்பு. அரக்கு எது, பச்சை எது என்று சொல்ல முடியாது. நாங்கள் எட்டுப் பேரும் வெள்ளை. ஆகாய நீலத்தின் சாயல்கூட இல்லாமல் ஆயாவின் புடவைபோல் அப்பட்டமான வெள்ளை. யாரும் இதைக் கவனித்ததாக நினைவில்லை. அழகாக வந்திருக்கிறது, பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். படத்தின் வலது ஓரத்தில், தம்பியின் தோளுக்குப் பின்னால், மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டை. கை இல்லை, முகம் இல்லை. திரைச்சீலையின் மடிப்பு என்று அப்பா வருகிறவர்களுக்குச் சொல்லுவார்.

ஆயா 1971ல் போனாள். படம் என்று வேறொன்று அவளுக்கு எடுக்கவில்லை. பதினாறாம் நாள் சுவரில் மாட்ட ஒன்றுமில்லாமல் காமாட்சி விளக்கை வைத்துப் படைத்தார்கள். நீலத் துணியின் மீதியில் தைத்த தலையணை உறை ஒன்று வெகுநாள் உழைத்தது. அதன் உள்மடிப்பில் நிறம் இன்னும் இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் நீலம் என்று நிச்சயமாகச் சொல்கிறேன்.

சில்வர் பீச் படம் நன்றாகவே வந்தது. நான் சந்தன நிறத்தில் ஒரு ஜிப்பா வாங்கிக்கொண்டேன். போன வருஷம் கணவனை இழந்த என் தங்கை, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, எல்லோரையும்போல வெள்ளையில் சரிகை போட்டதைக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் நின்றாள். அன்று அங்கே வெள்ளைக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

விருந்து மண்டபத்தின் வாசலில் வைப்பதற்காகத் தம்பி பெண் அந்தப் பழைய படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் கொடுத்துப் பழுது பார்த்து, வண்ணமும் ஏற்றிப் பெரிதாக்கியிருந்தாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் அது கறுப்புப் புடவை போட்டிருந்தது. எங்கள் சட்டைகளை வெள்ளையாகவே விட்டிருந்தது. "பெரியப்பா, ஓரத்துல ஒரு வெள்ளைக் கறை இருந்துச்சு, அதை எடுத்துட்டேன், பார்த்தீங்களா?" என்றாள். பார்த்தேன். தம்பி ஜமக்காளத்தில் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், பத்து மாசக் குழந்தை.

அவளிடம் கேட்டு மூலப் படத்தைத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன். தலையணை உறையோடு பெட்டியில் வைத்திருக்கிறேன்.